பிரிஸ்டல் வங்கி, வெனிஸ் நூலகத்தின் நகலா?

நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மகனைப் பார்க்க இங்கிலாந்து போன இடத்தில், பிரிஸ்டலின் கார்ன் தெருவில் சிற்பம் நிறைந்த ஒரு பழைய வங்கிக் கட்டடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். கூட வந்தவர் "இது இத்தாலியனேட் பாணி" என்றிருக்கிறார். அறைக்கு வந்து போனில் தேடினால் வெனிஸ் நூலகம் ஒன்றின் படம் வந்து நிற்கிறது, அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் ஒரே ஜாடை. இது நகலா, தற்செயலா என்பது முதல் கேள்வி. பணம் போட்டு எடுக்கிற இடத்துக்கு இவ்வளவு அலங்காரம் எதற்கு என்பது இரண்டாவது. நீங்கள் எழுதாமல் விட்ட மூன்றாவது கேள்வியும் அதற்குள் ஒளிந்திருப்பதாகப் படுகிறது: நகல் என்றால் அப்புறம் அதை நின்று பார்க்க என்ன இருக்கிறது?

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. கட்டடக்கலை படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேல் பழைய கல் முகப்புகளைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன். கல்லைப் பற்றியும் கட்டிய முறையைப் பற்றியும் ஓரளவு துணிந்து சொல்வேன். 1850களில் ஒரு வங்கி முதலாளியின் மனதில் என்ன ஓடியது என்பதெல்லாம் கட்டடத்தை வைத்து நான் செய்யும் ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நகல்தான், அதில் சந்தேகமே வேண்டாம். வெஸ்ட் ஆஃப் இங்கிலாந்து அண்ட் சவுத் வேல்ஸ் டிஸ்ட்ரிக்ட் வங்கி என்ற நீளமான பெயர் கொண்ட வங்கிக்காக, 1854-ல் தொடங்கி சுமார் நான்கு வருடத்தில் கட்டி முடித்தது. வரைந்தவர்கள் ஜிங்கெல், லைசாட் என்ற இருவர். சிற்பங்கள் ஜான் தாமஸ் என்பவருடையவை, லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் சிற்ப வேலைகளைப் பார்த்தவர் அவர். மாதிரி, வெனிஸின் புனித மார்க் சதுக்கத்தை ஒட்டி யாகோபோ சன்சோவினோ கட்டிய நூலகம். 1850களில் அந்த முகப்பு இங்கிலாந்தில் ஒரு மோகமாகவே இருந்தது. லண்டனின் பால் மால் தெருவில் கார்ல்டன் கிளப்புக்கு சிட்னி ஸ்மிர்க் ஏறக்குறைய அதே வருடங்களில் கட்டிய முகப்புக்கும் அதே நூலகம்தான் மூலம். அதனால் பிரிஸ்டல்காரர்கள் தனியாக ஒரு புதையலைக் கண்டுபிடித்தார்கள் என்று நினைக்க வேண்டாம், ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு படத்தைத்தான் அவர்களும் பார்த்தார்கள்.

மூலத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சன்சோவினோ ஃபிளாரன்ஸ்காரர், முதலில் சிற்பி. ரோமில் வேலை செய்துகொண்டிருந்தவர், 1527-ல் அந்நியப் படைகள் ரோமைச் சூறையாடியபோது தப்பி வெனிஸ் வந்தார். இரண்டே வருடத்தில் புனித மார்க் ஆலய நிர்வாகத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஆகிவிட்டார். 1537-ல் நூலகத்தைத் தொடங்கினார். 1545 டிசம்பரில் மேல்தளத்தின் வளைகூரை இடிந்து விழுந்தது. மனிதரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். ஓவியர் டிஷியன் போன்ற நண்பர்கள் பரிந்து பேசித்தான் வெளியே வந்தார், நஷ்டத்தைத் தன் கைக்காசிலிருந்து அடைக்கும்படி ஆனது. 1570-ல் அவர் இறந்தபோதும் கட்டடம் முடியவில்லை. ஸ்காமோட்ஸி என்ற இன்னொருவர் மிச்சத்தைக் கட்டி 1588-ல் முடித்தார். 21 வளைவுகள் கொண்ட நீள முகப்பு. எதிரே வெனிஸின் ஆட்சித் தலைவரான டோஜேயின் அரண்மனை. இன்றைக்கு வெனிஸ் என்றால் தபால் அட்டையில் வருகிற காட்சியில் பாதி அதுதான்.

சரி, பிரிஸ்டல் எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டது? எடுத்துக்கொண்டது அடிப்படைத் தாளத்தை. ஒவ்வொரு வளைவின் இருபுறமும் தூண், தூண்களுக்கு மேலே கனமான ஒரு பட்டை, அதன் மேல் அதே கதை இன்னொரு மாடியாக, உச்சியில் ஆழமாகச் செதுக்கிய சிற்பப் பட்டை. சுவர் என்று சொல்ல ஒரு வெற்றிடம்கூட மிச்சமிருக்காது. நம் கோயில் விமானத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகத் தெரியாது, அங்கேயும் வெறும் சுவர் விட்டுவைக்க ஸ்தபதிக்கு மனசு வராது. விட்டது நீளத்தை. வெனிஸில் 21 முறை திரும்பத் திரும்ப வரும்போதுதான் அந்த வளைவுக்கு ஒரு அலைபோன்ற ஓட்டம் கிடைக்கிறது. ஒரு தெரு மனையின் அகலத்துக்குள் நாலைந்து முறை வந்து நின்றுவிட்டால் அது ஓட்டமாக இருக்காது, சட்டம் போட்ட படம்போல ஆகிவிடும். இன்னொன்று, வெனிஸில் கீழ்த்தளம் திறந்த நடைக்கூடம், வெயிலுக்கும் மழைக்கும் மக்கள் ஒதுங்கி நடக்கிற இடம். வங்கிக்கு அது கட்டுப்படியாகாது, வளைவுகளை ஜன்னலும் கதவும் வைத்து அடைத்துவிட்டார்கள். மூலத்தில் வளைவுக்குள் கருப்பாக நிழல் விழும், அதன் முன்னால் தூண் வெள்ளையாகத் துள்ளி நிற்கும். பிரிஸ்டலில் அந்த ஆழம் கிடையாது. இதுதான் என் முக்கியக் குறை.

ஆனால் சிற்பத்தில் நடந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வெனிஸில் வளைவின் இரண்டு தோள்களிலும் கிரேக்க-ரோமானியக் கதைகளின் நதி தேவர்கள் சாய்ந்து கிடப்பார்கள், மேல்மாடியில் வெற்றித் தேவதைகள். பிரிஸ்டலில் ஜான் தாமஸ் அந்த மாதிரி இடங்களை வங்கிக்கே கொடுத்துவிட்டார். பாத், பிரிஸ்டல், எக்ஸிட்டர், கார்டிஃப், நியூபோர்ட் என்று வங்கி தொழில் செய்த ஊர்கள் உருவங்களாக வருகின்றன. அப்புறம் பணம் வாங்குதல், பணம் கொடுத்தல், பத்திரப்படுத்துதல், நாணயம் அடித்தல், அச்சிடுதல் என்று கவுன்ட்டர் வேலைகளே தெய்வ உருவங்களுக்குரிய மரியாதையோடு கல்லில் ஏறியிருக்கின்றன. ஒருவருக்கு இது கேலிக்கூத்தாகப் படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேவர்கள் சாய்ந்திருந்த இடத்தில் கேஷியரை உட்கார வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். வெறுமனே பார்த்து வரைந்தவன் நதி தேவர்களையே திரும்பச் செதுக்கிவிட்டுப் போயிருப்பான். நகலுக்கு என்ன மதிப்பு என்ற உங்கள் எழுதாத கேள்விக்கு என் பதில் இந்த உருவங்களில்தான் இருக்கிறது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அந்த நூலகத்தைத் தொட்டுக்கொண்டே, கடலைப் பார்த்தபடி, வெனிஸ் அரசின் நாணயச் சாலை நிற்கிறது. அதையும் கட்டியவர் சன்சோவினோதான், அதுவும் அதே 1530களில் தொடங்கிய வேலை. தங்கமும் வெள்ளியும் உருக்கி நாணயம் அடித்த இடம், தீப்பிடிக்காதபடி வளைகூரை, தூண்களையே முரட்டுக் கல் பட்டைகளால் கட்டிப்போட்டது போன்ற முகப்பு. பணத்துக்கான கட்டடம் வேண்டுமென்றால் அதைத்தானே எடுத்திருக்க வேண்டும்? பக்கத்துக் கட்டடத்தை விட்டுவிட்டு நூலகத்துக்குப் போயிருக்கிறார்கள். என் ஊகம் இது: நாணயச் சாலை பார்ப்பவனை "கிட்டே வராதே" என்கிறது. 1826 வரை இங்கிலாந்தில் ஆறு பேருக்கு மேல் கூட்டுச் சேர்ந்து வங்கி நடத்தச் சட்டம் இடம் தரவில்லை. அந்த வருடம்தான் லண்டனிலிருந்து 65 மைலுக்கு அப்பால் பங்குதாரர் வங்கிகளை அனுமதித்தார்கள். நம் வங்கி 1834-ல் பிறந்தது. ஊரில் எல்லோருக்கும் முகம் தெரிந்த ஒரு குடும்பம் நடத்திய வங்கியின் இடத்தில், முகமே இல்லாத ஒரு நிறுவனம் வந்து உட்கார்கிறது. டெபாசிட் காப்பீடு என்ற பேச்சே கிடையாது. பெட்டி உறுதியானது என்று காட்டுவதைவிட, உள்ளே வா, நாங்கள் பெரிய மனிதர்கள் என்று காட்டுவதுதான் அதற்கு அவசரமாக வேண்டியிருந்தது. அதற்கு நூலகத்தின் முகம் பொருந்தியது. இன்னொரு செய்தியும் சேர்த்துச் சொல்கிறேன், அந்த நூலகத்தின் கீழ்த்தளத்து வளைவுகளுக்குள் வாடகைக் கடைகள் இருந்தன, அந்த வாடகை ஆலய நிர்வாகத்தின் வருமானம். ஆகவே வியாபாரம் நுழைந்து ஒரு புனித முகப்பைக் கெடுத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"மெடிச்சி குடும்பம் வங்கி நடத்தியது, மாளிகையில் வாழ்ந்தது, அதனால்தான் வங்கிகள் இத்தாலிய மாளிகை பாணியை எடுத்தன" என்ற விளக்கத்தை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். அழகான கதை. பின்னால் அப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது வரை ஒப்புக்கொள்வேன், தொடக்கம் அதுதான் என்பதை ஏற்க மாட்டேன். வரிசையைப் பாருங்கள். சார்ல்ஸ் பேரி லண்டனில் டிராவலர்ஸ் கிளப்பை 1829-32-ல் கட்டினார், அது ஃபிளாரன்ஸின் பண்டோல்ஃபினி மாளிகையைப் பார்த்து வரைந்தது. 1837-41-ல் பக்கத்திலேயே ரிஃபார்ம் கிளப், அது ரோமின் ஃபர்னேசே மாளிகையின் வழி. அதாவது முதலில் கிளப்புகள். பிறகு மான்செஸ்டரில் எட்வர்ட் வால்டர்ஸ் போன்றவர்கள் துணிக் கிடங்குகளுக்கு அதே உடையைப் போட்டார்கள். வங்கிகளும் அந்த ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டன. மெடிச்சியை நினைத்துத்தான் கட்டினார்கள் என்றால் துணிக் கிடங்குக்காரன் யாரை நினைத்தான்?

இதைவிட எனக்கு நம்பிக்கையான காரணம் ஒன்று உண்டு, கட்டுகிறவன் கண்ணிலிருந்து பார்த்தால் தெரியும். அதற்கு முன்னால் வங்கிக்கு மரியாதையான உடை கிரேக்கக் கோயில் முகப்பு. முன்னால் பெரிய தூண்கள், முக்கோண நெற்றி. பார்க்க கம்பீரம், ஆனால் தெரு மனையில் அந்தத் தூண் மண்டபம் காசு கொடுத்து வாங்கிய நிலத்தைத் தின்றுவிடும், உள்ளே வெளிச்சத்தை மறைக்கும். மின்விளக்கு இல்லாத காலத்தில் பேரேடு எழுதுகிற குமாஸ்தாவுக்கு ஜன்னல் வெளிச்சம்தான் பிழைப்பு. கோயிலை நாலு மாடியாக அடுக்கவும் முடியாது. இத்தாலிய மாளிகை தெருவோடு தெருவாக நிற்கும், பெரிய பெரிய ஜன்னல்கள் வைக்கலாம், கீழே வங்கி, மேலே மேலாளர் குடும்பம் என்று மாடி மாடியாகப் பிரிக்கலாம், பக்கத்து மனை கிடைத்தால் இன்னும் இரண்டு ஜன்னல் சேர்த்து நீட்டிக்கொள்ளலாம். எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒத்துக்கொள்கிற பாணி.

"இத்தாலியனேட்" என்ற பெயரைப் பற்றி. அது தப்பில்லை, ஆனால் மளிகைச் சாமான் என்று சொல்வது மாதிரி, அதற்குள் எல்லாம் அடங்கும். தோட்டத்து நடுவில் சதுரக் கோபுரத்தோடு நிற்கும் வீடும் இத்தாலியனேட், விக்டோரியா மகாராணியின் ஆஸ்போர்ன் மாளிகை அந்த ரகம். சுவரில் பெரிய தூண்கள் இல்லாமல் ஜன்னலையும், உச்சியில் வெளியே நீளும் கனமான கொடுங்கையையும் நம்பி நிற்கிற ரிஃபார்ம் கிளப்பும் அதில் சேரும். அமெரிக்காவில் கூரை விளிம்புக்குக் கீழே மரத் தாங்கிகளை வரிசையாக வைத்த வீட்டையும் அப்படித்தான் சொல்கிறார்கள். பிரிஸ்டல் வங்கி இந்தக் குடும்பத்தில் வெனிஸ் கிளை, 16-ஆம் நூற்றாண்டு மறுமலர்ச்சிக் காலத்து வெனிஸ். உங்களோடு வந்தவரும் போனும் வேறு வேறு பெயர் சொன்னதில் முரண்பாடு எதுவும் இல்லை, ஒன்று ஜாதகத்தில் வம்சப் பெயர், இன்னொன்று வீட்டுப் பெயர்.

இதே நூலகம் அட்லாண்டிக்கைத் தாண்டியும் போயிருக்கிறது, அங்கே அது கல்லாக இல்லை, இரும்பாகப் போனது. நியூயார்க் பிராட்வேயில் 1857-ல் திறந்த ஹாவ்வவுட் கடைக் கட்டடத்தின் வார்ப்பிரும்பு முகப்பில் சன்சோவினோவின் அதே வளைவு. ஆட்கள் ஏறிச் செல்லும் லிஃப்டை ஓட்டிஸ் முதன்முதலில் வைத்த கட்டடம் என்று அதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கிருந்து மேற்குக் கரைக்கு வாருங்கள். ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் லாட் அண்ட் டில்டன் வங்கி 1868-ல் ஒரு வார்ப்பிரும்பு வெனிஸ் முகப்பைக் கட்டியது. அடுத்த வருடமே, பங்காளி நிறுவனமான லாட் அண்ட் புஷ் வங்கி, சேலத்தில் (நம்ம சேலம் இல்லை, ஆரிகன் சேலம்) அதே வார்ப்பு அச்சுகளைக் கொண்டு இன்னொன்றைக் கட்டியது. மூலம் ஒன்று, நகல் ஒன்று, நகலுக்கு இரட்டைப் பிள்ளை. 1954-ல் போர்ட்லண்டுக் கட்டடத்தை இடித்தார்கள், புண்ணியவான்கள் யாரோ இரும்புத் துண்டுகளை எடுத்து வைத்தார்கள். 1967-ல் சேலம் வங்கியைப் பெரிதாக்கித் திரும்பக் கட்டியபோது அந்தத் துண்டுகளும் அதில் போய்ச் சேர்ந்தன. ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் அளவு பொருந்தியது. கல்லில் இது நடக்கவே நடக்காது, ஒரே சிற்பி அடுத்தடுத்துச் செதுக்கிய இரண்டு இலைகளே ஒன்றாக இருக்காது.

கல்லா இரும்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலரும் என்னிடம் கேட்பதுண்டு. பெயின்ட் அடித்துவிட்டால் தூரத்திலிருந்து எனக்கே தெரியாது, அந்தக் காலத்தில் பெயின்டில் மணல் தூவிக் கல் மாதிரியே தோற்றம் கொண்டுவருவார்கள். பக்கத்தில் போய் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. விரல் முட்டியால் தட்டினால் உள்ளே குடம்போல ஓசை வரும், ஏனென்றால் அவை உள்ளே வெற்றாக வார்த்து, போல்ட் போட்டு மாட்டியவை. இணைப்புகளில் துரு கசிந்த கோடும் இருக்கலாம்.

கல் விஷயத்தில் பிரிஸ்டலுக்கும் வெனிஸுக்கும் அடிப்படையிலேயே ஒரு வித்தியாசம் இருக்கிறது. வெனிஸில் பயன்பட்டது இஸ்திரியா கல், சுண்ணாம்புக்கல்தான், ஆனால் பளிங்கு மாதிரி இறுக்கம், தண்ணீரை உள்ளே விடாது. மழை படுகிற இடம் வெளுத்துக்கொண்டே போகும், படாத இடம் கறுக்கும். அதனால் நூலக முகப்பில் நிழலை இயற்கையே மை போட்டு எடுத்துக்காட்டுகிறது. பிரிஸ்டல் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மென்மை. பாத் நகரைச் சுற்றிக் கிடைக்கும் கல்லை எடுத்துக்கொண்டால், குவாரியிலிருந்து வந்த புதிதில் ரம்பத்தாலேயே அறுக்கலாம், எந்தப் பக்கமாக உளி வைத்தாலும் பிளக்காமல் செதுக்க வரும், பிறகு காற்றுப்பட்டு மேல்தோல் இறுகும். ஜான் தாமஸ் போன்றவருக்கு வரப்பிரசாதம். ஆனால் நிலக்கரிப் புகை காற்றில் கந்தகத்தைக் கலக்கும், கந்தகம் சுண்ணாம்போடு சேர்ந்தால் ஜிப்சம் ஆகும், மழை கழுவாத மடிப்புகளில் அது கரியோடு சேர்ந்து கறுப்புப் பொருக்காகப் படியும், ஒருநாள் மூக்கையும் விரலையும் பெயர்த்துக்கொண்டு விழும். லண்டன் கார்ல்டன் கிளப்புக்கு பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த கான் கல்லைப் போட்டார்கள், அந்த ஊர்க் காற்றுக்கு அது தாங்காமல் 1923-24-ல் முகப்பையே புதுக் கல்லால் மாற்றும்படி ஆனது. அப்படி மாற்றிய கட்டடத்தையும் 1940-ல் குண்டு போட்டு அழித்துவிட்டது ஜெர்மன் விமானப்படை. நீங்கள் அனுப்பிய இரண்டு போட்டோக்களை மட்டும் வைத்து பிரிஸ்டல் கல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன், சாரம் ஏறித் தொட்டுப் பார்க்காமல் சொல்கிறவனை நம்பவும் வேண்டாம்.

இவ்வளவு செலவு பண்ணி வாங்கிய நம்பிக்கை என்ன ஆனது என்று கேட்டால், இருபது வருடம் தாக்குப்பிடித்தது. 1878 அக்டோபரில் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி விழுந்தது, நாடெங்கும் பீதி. டிசம்பரில் நம் பிரிஸ்டல் வங்கியும் கதவைச் சாத்தியது. இயக்குநர்கள் மீது வழக்குப் போட்டார்கள், 1880-ல் விடுதலையானார்கள். வங்கி போனது, முகப்பு நின்றது. இடிபாட்டிலிருந்து எழுந்த புது வங்கியும், 1892-ல் அதை வாங்கிக்கொண்ட லாய்ட்ஸும் அதே வளைவுகளுக்குப் பின்னால்தான் கடை நடத்தின.

மகனைப் பார்க்க மறுபடி போவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் போனால் ஒரு சின்ன பைனாகுலர் கையில் இருக்கட்டும், நல்ல சிற்பமெல்லாம் தலைக்கு மேலே இருக்கிறது, தெருவோ அகலமில்லை. நாணயம் அடிக்கிற உருவத்தைத் தேடிப் பிடியுங்கள். அதே தெருவில் 1743-ல் கட்டி முடித்த எக்ஸ்சேஞ்ச் கட்டடம் இருக்கிறது, அதன் கடிகாரத்தில் நிமிட முள் இரண்டு, ஒன்று லண்டன் நேரம், இன்னொன்று அதிலிருந்து பத்து நிமிடம் பின்தங்கிய பிரிஸ்டல் நேரம். அதன் வாசலில் இடுப்பு உயரத்துக்கு நான்கு வெண்கல மேசைகள் நிற்கும், ஆணிகள் என்பார்கள், வங்கிக்கெல்லாம் ரொம்ப முன்னாலிருந்தே வியாபாரிகள் பேரம் முடித்து அதன் மேல்தான் காசை எண்ணி வைத்தார்கள். அவற்றின் மேல்தட்டில் ஓரம் சற்று உயர்ந்திருக்கும், காசு உருண்டு விழாமல் இருக்க.